பழைய பிக்கப் வண்டியில் சார்ஜிங் கோளாறு: போடி மலைச்சாலையை முன்வைத்து ஒரு விளக்கம்

தேனி மாவட்டம் போடிநாயக்கனூரிலிருந்து முந்தல் வழியாகப் போடிமெட்டுக்கு ஏறும் மலைச்சாலை சுமார் 26 கிலோமீட்டர் நீளமுடையது. 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, ஏறத்தாழ 1000 மீட்டர் உயரம் ஏறி, கேரள எல்லையைத் தொடுகிறது. அதற்கு அப்பால் பூப்பாறை, சாந்தன்பாறை, ராஜகுமாரி, உடும்பன்சோலை என்று ஏலத்தோட்டங்கள் விரிகின்றன. காலையில் தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு மேலே போய், மாலையில் இறக்கிக்கொண்டு வரும் ஜீப்புகளும், உரமும் ஏலக்காய் மூட்டையும் சுமக்கும் பிக்கப் வண்டிகளும் இச்சாலையின் அன்றாடக் காட்சி. இவற்றில் பல, 15 ஆண்டு, 20 ஆண்டு ஓடிய டீசல் வண்டிகள்.

இவ்வண்டிகளில் அடிக்கடி வருவதும், அடிக்கடி தவறாகக் கணிக்கப்படுவதும் சார்ஜிங் கோளாறுதான். காலையில் செல்ஃப் எடுக்கவில்லை என்றால் பேட்டரி போய்விட்டது என்று முடிவு செய்து புதிய பேட்டரி வாங்குகிறார்கள். இரண்டு மாதத்தில் அதுவும் படுத்துவிடுகிறது. குற்றவாளி பெரும்பாலும் பேட்டரி அல்ல. அதற்கு மின்னேற்றும் அமைப்பில் ஏதோ ஓரிடம். அந்த இடத்தைச் சில நூறு ரூபாய் விலையுள்ள ஒரு மல்டிமீட்டரைக் கொண்டு, உதிரிபாகம் எதையும் மாற்றாமலே பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம்.

கோளாறு ஏன் வெளியே தெரிவதில்லை

பெட்ரோல் வண்டியில் தீப்பொறி பிளக்குக்கு மின்சாரம் வேண்டும். சார்ஜிங் நின்றால் சிறிது நேரத்தில் இன்ஜினும் இருமத் தொடங்கிவிடும். பழைய டீசல் இன்ஜின் அப்படியல்ல. காற்றை அழுத்திச் சூடாக்கி, அதில் டீசலைப் பீய்ச்சி எரிப்பது அதன் முறை. டீசல் பம்ப்பும் இயந்திர வகை. ஸ்டாப் கேபிளை இழுத்து நிறுத்தும் வண்டியாக இருந்தால், ஒருமுறை ஓடத் தொடங்கிய இன்ஜினுக்கு மின்சாரமே தேவையில்லை. பேட்டரியில் துளி சார்ஜ் ஏறாவிட்டாலும் பகல் முழுதும் வண்டி ஒரு குறையுமின்றி ஓடும்.

மலையில் இன்னொரு வசதியும் உண்டு. செல்ஃப் மந்தமாக இருக்கும் வண்டியைச் சரிவு பார்த்து நிறுத்திவிடுவார்கள். காலையில் பிரேக்கை விட்டு உருளவிட்டு, இரண்டாம் கியரில் கிளட்சை விட்டால் இன்ஜின் பிடித்துக்கொள்ளும். சமவெளியில் தள்ளுவதற்கு நாலு பேர் தேவைப்படும் வேலையை இங்கே மலையே செய்துகொடுக்கிறது. இதனால் கோளாறு வாரக்கணக்கில் மறைந்திருக்கும்.

அது வெளிப்படும் நேரம்தான் மோசமானது. மாலை இருட்டியபின், போடிமெட்டில் பனிமூட்டம் இறங்கியிருக்கும்போது, முகப்பு விளக்கு, மூடுபனி விளக்கு, வைப்பர் மூன்றையும் ஒருசேரப் போட்டு இறங்கவேண்டிய நேரம் அது. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முகப்பு விளக்குகள் இரண்டும் சேர்ந்து 120 வாட். பின்விளக்கு, நம்பர் பிளேட் விளக்கு, டேஷ்போர்டு விளக்கு என்று ஒரு 30 வாட். ஆக 150 வாட். 12 வோல்ட்டில் சுமார் 12 ஆம்பியர். வைப்பர் மோட்டார் 4 அல்லது 5 ஆம்பியர். 55 வாட் மூடுபனி விளக்கு இரண்டு பொருத்தியிருந்தால் மேலும் 9 ஆம்பியர். மொத்தம் 26 ஆம்பியர் அளவில் வருகிறது. 75 ஆம்பியர்-மணி என்று எழுதியிருக்கும் பேட்டரி பழசாகி, பாதி சார்ஜில் இருந்தால், அதிலிருந்து உருப்படியாக எடுக்கக்கூடியது 20 ஆம்பியர்-மணி இருக்கலாம். அதாவது ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. பாதி வளைவுகளைத் தாண்டும்போதே விளக்கு மஞ்சளாகிவிடும்.

மின்சாரம் வரும் வழி

கிராங்க் புல்லியிலிருந்து ஃபேன் பெல்ட் ஆல்டர்னேட்டரைச் சுழற்றுகிறது. உள்ளே சுழலும் பகுதி ரோட்டர். அதன் காயிலுக்குள் இரண்டு கார்பன் பிரஷ்கள் வழியாகச் சிறிதளவு மின்சாரம் சென்று அதைக் காந்தமாக்குகிறது. அக்காந்தம் சுழலும்போது, சுற்றிலும் அசையாமல் இருக்கும் ஸ்டேட்டர் காயில்களில் மாறுதிசை மின்சாரம் பிறக்கிறது. ஆறு டையோடுகள் அதை நேர்திசையாக்குகின்றன. ரெகுலேட்டர் என்னும் சிறிய மின்னணுப் பகுதி, ரோட்டருக்குச் செல்லும் மின்சாரத்தைக் கூட்டிக் குறைத்து, வெளிவரும் அழுத்தத்தை 14 வோல்ட்டை ஒட்டி நிறுத்துகிறது.

12 வோல்ட் பேட்டரிக்கு எதற்கு 14 வோல்ட் என்ற கேள்வி எழலாம். பேட்டரிக்குள் ஆறு செல்கள் இருக்கின்றன. முழுச் சார்ஜில் ஒவ்வொன்றும் 2.1 வோல்ட், மொத்தம் 12.6. நிரம்பிய தொட்டிக்குள் மேலும் தண்ணீர் ஏற்ற வேண்டுமானால் தொட்டியின் மட்டத்தைவிட உயரத்திலிருந்துதானே விடவேண்டும்? அதுபோல 13.8 முதல் 14.4 வோல்ட் வரை கொடுத்தால்தான் சார்ஜ் உள்ளே போகும். அதற்கு மேல் வெகுவாகக் கூடினால் பேட்டரித் தண்ணீர் கொதித்து வாயுவாகப் போய்விடும்.

மிகப் பழைய ஜீப்புகளில் ஆல்டர்னேட்டருக்குப் பதில் டைனமோ இருந்தது. பட்டறைகளில் இன்றும் பலர் ஆல்டர்னேட்டரையே 'டைனமோ' என்றும், ரெகுலேட்டரைக் 'கட்அவுட்' என்றும் சொல்வது அந்தக் காலத்தின் மிச்சம். பெயர் மாறாததில் தவறில்லை. பழைய பரிசோதனை முறையும் மாறாமல் இருப்பதுதான் தொல்லை. அதைப் பிறகு பார்ப்போம்.

முதலில் பேட்டரி

எந்த அளவீட்டுக்கும் முன்னால் பேட்டரியின் நிலை தெரிந்திருக்க வேண்டும். வண்டியை நிறுத்திச் சில மணி நேரம் கழித்து, முடிந்தால் மறுநாள் காலையில், இன்ஜினைத் தொடாமல் பேட்டரியின் இரு முனைகளுக்கிடையே மல்டிமீட்டரை வைக்கவேண்டும். ஓடி நின்ற உடனே அளந்தால் மேற்பரப்புச் சார்ஜ் காரணமாகக் கூடுதலாகக் காட்டும். 12.6 வோல்ட் என்றால் முழுச் சார்ஜ். 12.4 முக்கால், 12.2 பாதி, 12-க்குக் கீழே என்றால் ஏறக்குறையக் காலி. 10.5 வோல்ட்டை ஒட்டிக் காட்டினால் அதற்கு வேறு பொருள்: ஆறு செல்லில் ஒன்று செத்திருக்கிறது. அந்தப் பேட்டரிக்கு வைத்தியம் கிடையாது.

அடுத்து ஒருவர் செல்ஃப் அடிக்க, மற்றவர் மீட்டரைப் பார்க்கவேண்டும். அடிக்கும்போது அழுத்தம் 9.6 வோல்ட்டுக்குக் கீழே சரிந்தால் பேட்டரி பலவீனம், அல்லது செல்ஃப் மோட்டார் அளவுக்கு மீறி இழுக்கிறது. மலைமேல் விடியற்காலைக் குளிரில் இன்ஜின் ஆயில் கெட்டியாக இருக்கும். ஹீட்டர் பிளக் உள்ள இன்ஜின்களில் அவையும் நிறைய மின்சாரம் இழுக்கும். போடியில் ஒழுங்காக எடுத்த வண்டி பூப்பாறையில் எடுக்க மறுப்பதற்கு இதுவே காரணம். பேட்டரி அங்கே போய்க் கெட்டுப்போவதில்லை. ஏற்கெனவே அரைகுறையாக இருந்தது அங்கே தெரியவருகிறது.

டிஸ்டில்டு வாட்டர் அளவையும் பார்க்கலாம். ஆறு அறையிலும் ஒரேபோலத் தண்ணீர் சீக்கிரம் வற்றுகிறது, அழுகிய முட்டை நாற்றம் வருகிறது, பல்புகள் அடிக்கடி ஃபியூஸ் ஆகின்றன என்றால் குறைவாக அல்ல, கூடுதலாகச் சார்ஜ் ஏறுகிறது என்று பொருள். ஒரே ஒரு அறையில் மட்டும் வற்றினால் அந்தச் செல்லில் பழுது.

இன்ஜின் ஓடும்போது

இன்ஜினை எடுத்து, ஐட்லிங்கைவிடச் சற்றுக் கூடுதலான வேகத்தில் வைத்து, மீண்டும் பேட்டரி முனையில் அளக்கவேண்டும். 13.8-க்கும் 14.4-க்கும் இடையில் நின்றால் நல்லது. ஓடாதபோது இருந்த அளவே இருந்தால், அல்லது மெல்லக் குறைந்துகொண்டே போனால், சார்ஜ் சுத்தமாக இல்லை. 15 வோல்ட்டைத் தாண்டினால் ரெகுலேட்டர் கெட்டிருக்கிறது, அல்லது அதன் எர்த் சரியில்லை.

பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். 14.2 காட்டுகிறதே, எல்லாம் சரி என்று வண்டியை அனுப்பிவிடுகிறார்கள். உண்மையான பரிசோதனை இனிமேல்தான் இருக்கிறது. முகப்பு விளக்கை ஹை பீமில் போட்டு, வைப்பர், மூடுபனி விளக்கு எல்லாவற்றையும் ஓடவிட்டு, இன்ஜின் வேகத்தை 1500 சுற்று அளவில் வைத்து மறுபடி அளக்கவேண்டும். 13.5-க்குக் குறையாமல் நின்றால் அமைப்பு உண்மையிலேயே நலமாக இருக்கிறது. சுமையில்லாதபோது 14.2 காட்டி, சுமை கொடுத்ததும் 12.5-க்கு இறங்கினால், மூன்று சந்தேகங்கள்: பெல்ட் வழுக்குகிறது, கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது, அல்லது டையோடு ஒன்று போய்விட்டது.

பெல்ட்டைக் கண்ணாலும் கையாலும் தீர்மானிக்கலாம். இன்ஜினை நிறுத்தியபின், இரு புல்லிகளுக்கு நடுவே கட்டைவிரலால் அழுத்தினால் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு அமுங்கவேண்டும். பக்கவாட்டில் கண்ணாடிபோல் பளபளப்பு ஏறியிருந்தால், இறுக்கினாலும் வழுக்கும், மாற்றுவதுதான் வழி. மழையில் நனைந்தபோதோ, விளக்குப் போட்டு ஆக்சிலரேட்டரை மிதித்தபோதோ கிறீச்சென்று கத்தும் வண்டி இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது. ஏலமலைப் பகுதியில் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. ஆகவே 'மழைக்காலத்தில் மட்டும்தான் கத்துகிறது' என்பது ஆறுதலாகாது.

டையோடைக் காண மல்டிமீட்டரை மாறுதிசை (ஏசி) அளவீட்டுக்கு மாற்றி, ஓடும் இன்ஜினில் பேட்டரி முனையில் வைக்கவேண்டும். நல்ல ஆல்டர்னேட்டரில் அரை வோல்ட்டுக்கும் குறைவாகவே இருக்கும். அதைத் தாண்டினால் டையோடு ஒன்று வேலை செய்யவில்லை. டையோடு ஷார்ட் ஆகியிருந்தால் இன்னொரு தடயமும் கிடைக்கும். இரவு நிறுத்திய வண்டியில் விடியும்போது ஆல்டர்னேட்டர் உடம்பைத் தொட்டால், மற்ற இரும்பெல்லாம் சில்லென்று இருக்க, அது மட்டும் இளஞ்சூடாக இருக்கும். பேட்டரியிலிருந்து இரவெல்லாம் அதன் வழியே மின்சாரம் கசிந்திருக்கிறது. பகலில் நன்றாக ஓடி, காலையில் மட்டும் படுத்துவிடும் வண்டிக்கு இது முக்கியமான சோதனை.

கம்பியும் எர்த்தும்

ஆல்டர்னேட்டரைக் கழற்றுவதற்கு முன் கட்டாயம் பார்க்கவேண்டியது இது. பழைய மலைவண்டிகளில் பழுதின் பெரும்பங்கு இங்கேதான் இருக்கிறது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. ஆல்டர்னேட்டர் ஒழுங்காக 14.3 வோல்ட் கொடுத்தும், பேட்டரிக்கு வந்து சேர்வது 13.1 மட்டுமே என்றால், இடையில் 1.2 வோல்ட் எங்கோ சூடாகித் தொலைகிறது. அதை நேரடியாகவே அளக்கலாம். விளக்குகள் எரிய, இன்ஜின் ஓட, மீட்டரின் ஒரு முனையை ஆல்டர்னேட்டரின் தடித்த கம்பி இணையும் போல்ட்டிலும், மறுமுனையைப் பேட்டரியின் பாசிட்டிவிலும் வைக்கவேண்டும். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த வழியில் பழுது. பிறகு ஆல்டர்னேட்டரின் உடம்பிலும் பேட்டரியின் நெகட்டிவிலும் வைக்கவேண்டும். 0.2-க்கு மேல் காட்டினால் எர்த்தில் பழுது.

இப்பகுதி வண்டிகளில் இவை கெடுவதற்குக் காரணங்கள் நிறைய. தோட்டத்து மண்பாதையின் குலுக்கலில் பேட்டரி லக் தளரும். உர மூட்டை ஏற்றும் வண்டிகளில் சிந்திய உரமும் ஈரமும் சேர்ந்து சேஸிஸ் எர்த் இணைப்பை அரித்துவிடும். வாட்டர் சர்வீஸில் பீய்ச்சும் தண்ணீர் சாக்கெட்டுகளுக்குள் நிற்கும். இன்ஜின் ரப்பர் தாங்கிகளின்மேல் உட்கார்ந்திருப்பதால், அதற்கும் சேஸிஸுக்கும் இடையே தடித்த எர்த் பட்டை ஒன்று உண்டு. இன்ஜின் வேலை பார்த்தவர் அதைத் திரும்ப மாட்ட மறந்தால், செல்ஃப் அடிக்கும் அத்தனை மின்சாரமும் ஆக்சிலரேட்டர் கேபிள் போன்ற மெல்லிய கம்பிகள் வழியே திரும்பப் பார்க்கும். செல்ஃப் அடித்தபின் ஆக்சிலரேட்டர் கேபிள் சுடுகிறது என்றால் வேறெதையும் தேடவேண்டாம்.

லக்கைக் கழற்றி, உப்புப்பூத்ததை வெந்நீரும் சமையல் சோடாவும் விட்டுக் கழுவி, உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி, மேலே வாசலின் அல்லது கிரீஸ் பூசுவது அரைமணி வேலை. செலவு ஏறக்குறைய இல்லை.

சிவப்பு விளக்கின் இரட்டை வேலை

டேஷ்போர்டில் பேட்டரிப் படம் போட்ட சிவப்பு விளக்கு வெறும் அறிவிப்புப் பலகையல்ல. பழைய ஆல்டர்னேட்டர்கள் பலவற்றில் ரோட்டரை முதன்முதலில் காந்தமாக்கும் மின்சாரம் அந்தப் பல்பின் வழியாகத்தான் போகிறது. பல்பு ஃபியூஸானால் வண்டி எடுத்ததும் சார்ஜ் தொடங்காது; வேகமாக முறுக்கினால் சில சமயம் பிடித்துக்கொள்ளும், சில சமயம் பிடிக்காது. பத்து ரூபாய்ப் பல்புக்காக ஆல்டர்னேட்டரை இறக்கி ரீவைண்டிங் செய்யும் கூத்து இப்படித்தான் நேர்கிறது.

ஆகவே சாவியைத் திருப்பியதும், இன்ஜின் எடுக்குமுன், சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார்ப்பது முதல் சோதனை. எரியாவிட்டால் பல்பு, ஃபியூஸ், அந்த மெல்லிய கம்பி, பிரஷ் என்ற வரிசையில் தேடவேண்டும். எரிகிறது என்றால், ஆல்டர்னேட்டர் புல்லியின் நட் அருகே ஒரு ஸ்க்ரூடிரைவர் முனையைக் கொண்டுபோனால் காந்தம் லேசாக இழுப்பது தெரியவேண்டும். இழுத்தால் பிரஷும் ரோட்டரும் உயிரோடு இருக்கின்றன. இன்ஜின் ஓடாதபோது மட்டுமே இதைச் செய்யவேண்டும் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்லிவைக்கலாம்.

பேட்டரி முற்றிலும் காலியான வண்டியைச் சரிவில் உருட்டி எடுத்தால் இன்ஜின் ஓடும். ஆனால் ரோட்டரைக் காந்தமாக்க முதல் மின்சாரம் இல்லாததால் சார்ஜ் ஏறாமலே போகலாம். உருட்டி எடுத்துவிட்டோம், ஓட ஓட ஏறிவிடும் என்ற நம்பிக்கை எப்போதும் பலிப்பதில்லை.

ஆல்டர்னேட்டருக்குப் பின்னால் இருக்கும் பிரேக்

இந்தியச் சாலைகளில் ஓடும் பழைய டீசல் பிக்கப், ஜீப் வகைகள் பலவற்றில் ஆல்டர்னேட்டரின் முதுகில் வட்டமான ஒரு வேக்வம் பம்ப் ஒட்டிக்கொண்டிருக்கும். டீசல் இன்ஜினின் காற்றுக் குழாயில் பெட்ரோல் இன்ஜினில் கிடைப்பதுபோல வெற்றிடம் கிடைக்காது. பிரேக் பூஸ்டருக்கு வேண்டிய வெற்றிடத்தை இந்தப் பம்ப் உண்டாக்குகிறது. சுழலுவது ஆல்டர்னேட்டரின் அதே தண்டு; அதைச் சுழற்றுவது அதே ஃபேன் பெல்ட். பெரும்பாலும் தண்ணீர்ப் பம்ப்பும் அதே பெல்ட்டில்தான்.

பெல்ட் அறுந்தால் சார்ஜ் நிற்கிறது, ரேடியேட்டர்த் தண்ணீர் சுற்றுவது நிற்கிறது, பிரேக் பூஸ்டருக்கு வெற்றிடம் வருவதும் நிற்கிறது. பூஸ்டரில் மிச்சமிருக்கும் வெற்றிடம் ஓரிரு மிதிக்குத் தாங்கும். அதன்பின் பெடல் கல்லாகிவிடும். பிரேக் முற்றிலும் போய்விடாது. ஆனால் பத்துப் பன்னிரண்டு பேரை ஏற்றிய வண்டியை இறக்கத்தில் நிறுத்த, ஓட்டுநர் தன் முழுப் பலத்தையும் கொடுக்கவேண்டியிருக்கும். இவ்வளவையும் அந்தக் கணத்தில் அறிவிப்பது அந்தச் சிவப்பு விளக்கு ஒன்றுதான். அந்தப் பல்பு ஃபியூஸாகிக் கிடந்தால் அறிவிக்க யாருமில்லை.

வேக்வம் பம்ப்புக்கு இன்ஜின் ஆயில் ஒரு குழாய் வழியாக வருகிறது. இடையிலுள்ள ஆயில் சீல் தேய்ந்தால் ஆயில் ஆல்டர்னேட்டருக்குள் கசிந்து, கார்பன் தூளோடு சேர்ந்து கரிய பசையாகிப் பிரஷை மூடிவிடும். புதிய பிரஷ் போட்டும் சில வாரத்தில் மறுபடி சார்ஜ் நின்றால், சீலைப் பார்க்காமல் மூன்றாவது பிரஷ் போடுவதில் பயனில்லை. பெடல் வழக்கத்தைவிடக் கெட்டியாக இருப்பதும், சார்ஜ் விட்டுவிட்டு வருவதும் ஒரே வண்டியில் ஒரே காலத்தில் தோன்றினால் அவற்றை இரண்டு பழுதாகக் கருதக்கூடாது.

டெர்மினலைக் கழற்றிப் பார்க்கும் பழக்கம்

இன்ஜின் ஓடும்போது பேட்டரியின் ஒரு டெர்மினலைக் கழற்றி, 'இன்ஜினும் விளக்கும் நிற்கவில்லை, ஆகவே டைனமோ நன்றாக இருக்கிறது' என்று சொல்லும் பழக்கம் இன்னும் பல இடங்களில் உண்டு. டைனமோ காலத்தில் அது பெரும் தீங்கு செய்யவில்லை. ஆல்டர்னேட்டரில் செய்தால், ஓடிக்கொண்டிருந்த சார்ஜ் மின்சாரம் போக இடமின்றி ஒரு நொடியின் சிறு பகுதிக்குப் பல பத்து வோல்ட் எகிறும். டையோடும் ரெகுலேட்டரும் அதில் கருகலாம். நலமாயிருந்த ஆல்டர்னேட்டரைப் பரிசோதனையே கொன்றுவிடும். டீசல் இன்ஜினுக்கு மின்சாரமே வேண்டாம் என்று முன்பே பார்த்தோம். ஆதலால் இன்ஜின் நிற்காதது எதையும் நிரூபிப்பதுமில்லை.

அவசரத்துக்கு இன்னொரு வண்டியின் பேட்டரியிலிருந்து ஒயர் போடும்போது பாசிட்டிவையும் நெகட்டிவையும் மாற்றிக் கொடுத்தாலும் இதே கதிதான்.

வழியில் சிவப்பு விளக்கு எரிந்தால்

இறங்கும்போது எரிந்தால் இன்ஜினை அணைக்காமல், கியரைக் குறைத்து, இன்ஜின் பிடிப்பில் வண்டியை மெதுவாக்கி, வளைவைத் தாண்டிய அகலமான இடத்தில் ஒதுக்கவேண்டும். பெடலைத் திரும்பத் திரும்ப மிதித்துப் பார்ப்பது பூஸ்டரில் இருப்பதை வீணாக்கும். ஒரே மிதியாக அழுத்திப் பிடிக்கவேண்டும். நின்றபின் சக்கரத்துக்குக் கல் வைத்து, இன்ஜினை அணைத்து, பானட்டைத் திறந்தால் முதலில் பார்க்கவேண்டியது பெல்ட். அது அறுந்திருந்தால் அதை மாற்றாமல் ஒரு வளைவுகூட இறங்கக்கூடாது. பெல்ட் இருந்து, பெடலும் வழக்கம்போல மென்மையாக இருந்தால், பழுது மின்சாரத்தில் மட்டும்தான். மூடுபனி விளக்கு, ஆடியோ, உள்விளக்கு எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, முகப்பு விளக்கை லோ பீமில் மட்டும் வைத்து அருகிலுள்ள ஊர்வரை போய்ச் சேரலாம். இருக்கைக்கு அடியில் சரியான அளவில் ஒரு ஃபேன் பெல்ட்டும், அதை மாட்டுவதற்கான ஸ்பேனர்களும், கையில் பிடிக்க ஒரு டார்ச்சும் இருக்கவேண்டும். இருட்டில் பெல்ட் மாற்றும்போது அந்த டார்ச்சின் அருமை தெரியும்.